சூரிய மின்சாரத்துக்கு இடம் எங்கே? ஹடப்சர் தரும் பாடம்

(உரையின் எழுத்து வடிவம்)



புனே நகரிலிருந்து சோலாப்பூர் செல்லும் நெடுஞ்சாலையில் கிழக்கு நோக்கிச் சென்றால் ஹடப்சர் வருகிறது. கடக்வாஸ்லா அணையிலிருந்து புறப்படும் முட்டா வலதுகரைக் கால்வாயின் நீரால் கரும்பும் காய்கறியும் விளைந்த ஊர் அது. பின்னர் அங்குத் தொழிற்பேட்டை வந்தது. கிர்லோஸ்கர் குழுமத்தின் காற்றழுத்த இயந்திரத் தொழிற்சாலை வந்தது. 1966-இல் சீரம் இன்ஸ்டிடியூட் என்ற தடுப்பு மருந்து நிறுவனம் தோன்றியது. 2000-க்குப் பின் கணினி மென்பொருள் வளாகங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் வயல்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இன்று ஹடப்சரில் ஓர் ஏக்கர் நிலம் வெற்றாகக் கிடந்தால், அதன் மீது பத்துப் பேருடைய கண் இருக்கும்.

இப்படிப்பட்ட ஊரில் சூரிய மின்சாரத்துக்கும் அதைச் சேமிக்கும் மின்கலங்களுக்கும் இடம் எங்கே கிடைக்கும் என்பதே இவ்வுரையின் பொருள். ஹடப்சரை முன்னிறுத்தி இக்கேள்வி எழுப்பப்பட்டாலும், சென்னையின் வேளச்சேரிக்கும் கோவையின் பீளமேட்டுக்கும் இது பொருந்தும். வளரும் நகரங்கள் அனைத்தும் இக்கேள்விக்கு விடை காண வேண்டிய கட்டத்தில் நிற்கின்றன.

நிலத்தின் கணக்கு

கதிரவனின் ஒளி எங்கும் பரவிக் கிடப்பது. அதுவே அதன் பெருமை; அதுவே அதன் இடர்ப்பாடும் ஆகும். நிலக்கரி ஓரிடத்தில் குவிந்து கிடக்கிறது. தோண்டி எடுத்து, ஓரிடத்தில் எரித்து, பெருமளவு மின்சாரம் பெறலாம். சூரிய ஒளியையோ பரந்த பரப்பில் ஏந்திப் பிடித்தால்தான் பயன் உண்டு. தரையில் அமைக்கப்படும் சூரிய மின்நிலையத்துக்கு ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 4 ஏக்கர் நிலம் தேவைப்படுகிறது. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் அமைந்த 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் விரிந்துள்ளது. கர்நாடகத்தின் பாவகடா சூரியப் பூங்கா 2,050 மெகாவாட் திறன் கொண்டது; அதன் பரப்பு ஏறத்தாழ 13,000 ஏக்கர்.

இத்தகைய பரப்பை எந்த நகரமும் தன் எல்லைக்குள் ஒதுக்க இயலாது. ஆகவே நகரத்தின் மின்சாரத்தைத் தொலைவிலுள்ள வறண்ட நிலங்களில் விளைவித்து, உயர் அழுத்தக் கம்பிகளின் வழியே கொண்டுவரலாம் என்று கருதப்படுகிறது. நாட்டின் சூரிய மின்திறன் 2025 ஜனவரியில் 100 ஜிகாவாட்டைக் கடந்ததற்குத் தரையில் அமைந்த பெரும் நிலையங்களே முதன்மையான காரணம். எனினும் கம்பிப் பாதைக்கும் நிலம் வேண்டும். வழியில் மின்இழப்பும் உண்டு. மேலும், தன் தேவைக்குரிய சுமையை எப்போதும் பிறர் நிலத்தின் மீதே ஏற்றுவது நகரத்துக்கு அழகன்று. முதலில் தன் கூரையையும் முற்றத்தையும் பயன்படுத்திவிட்டு, எஞ்சிய தேவைக்கு வெளியே செல்வதே முறையாகும்.

மகர்பட்டாவில் நிகழ்ந்தது

இடம் பற்றிய இக்கேள்விக்கு ஹடப்சரிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. அது மின்சாரத்தைப் பற்றியதன்று; நிலத்தைப் பற்றியது.

நகரம் தங்கள் வயல்களை நோக்கி வருவதை 1990-களில் ஹடப்சரின் மகர்பட்டா உழவர்கள் கண்டனர். அண்டை ஊர்களில் என்ன நடந்தது என்பதும் அவர்களுக்குத் தெரியும். தனித்தனியே நிலத்தை விற்றவர்கள் கைக்கு வந்த பணத்தைச் சில ஆண்டுகளில் இழந்து, தங்கள் நிலத்தில் எழுந்த கட்டடத்துக்கே காவலாளியாகச் சென்ற கதைகள் அவை. சதீஷ் மகர் என்பாரின் தலைமையில் ஏறத்தாழ 120 குடும்பங்கள் ஒன்றுகூடி, 400 ஏக்கருக்கும் மேற்பட்ட தங்கள் நிலத்தைப் பிரிக்காமல் ஒன்றாக வைத்தன. ஒரு நிறுவனம் அமைக்கப்பட்டது. நிலத்தின் அளவுக்கு ஏற்ப ஒவ்வொரு குடும்பத்துக்கும் பங்கு கிடைத்தது. 2000-இல் கட்டுமானம் தொடங்கியது. வீடுகள், அலுவலகங்கள், பள்ளி, மருத்துவமனை, பெரும் பூங்கா ஆகியவை அடங்கிய மகர்பட்டா நகரம் இவ்வாறு உருவாயிற்று.

அந்நகரின் குடியிருப்பு மாடிகளில் சூரிய வெந்நீர் அமைப்புகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். மின்சாரம் தரும் சூரியத் தகடுகள் எட்டாத விலையில் இருந்த காலத்திலேயே அவை வைக்கப்பட்டன. கூரை என்பது மழையைத் தடுக்கும் மூடி மட்டுமன்று, அது ஒரு விளைநிலமும் ஆகும் என்ற எண்ணம் அத்திட்டத்தில் தொடக்கத்திலேயே இடம்பெற்றுவிட்டது.

மகர்பட்டா தரும் பாடம் யாது? அங்கு நிலம் புதிதாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. அது முன்பே இருந்தது. உடையவர்கள் தங்களுக்குள் ஓர் உடன்பாட்டுக்கு வந்த பிறகே அது ஒரு நகரமாக ஆகும் தகுதியைப் பெற்றது. சூரிய மின்சாரத்துக்கான இடமும் இத்தகையதே. நகரத்தில் பரப்பு இருக்கிறது. பரப்பின் மீதான உரிமைகள் பலவாகச் சிதறிக் கிடக்கின்றன. அவ்வுரிமைகளை இணைக்கும் ஏற்பாடே தலையாய தேவை.

மொட்டை மாடி யாருக்கு உரியது?

ஒரு கிலோவாட் சூரியத் தகடுகளுக்கு, நிழலும் நடைபாதையும் கருதி, ஏறத்தாழ 10 சதுர மீட்டர் இடம் வேண்டும். புனேயின் வெயிலில் அது நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் மின்சாரம் தரும். இந்த எளிய அளவைக் கொண்டு இரண்டு வீடுகளை ஒப்பிடலாம்.

முதலாவது, 100 சதுர மீட்டர் மாடி கொண்ட தனி வீடு. மாடியில் மூன்றில் ஒரு பங்கைக்கூடப் பயன்படுத்தாமல் 3 கிலோவாட் அமைக்கலாம். மாதத்துக்கு 360 யூனிட் கிடைக்கும். 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீட்டுத் திட்டம் ஒரு கோடி வீடுகளைக் குறிக்கோளாகக் கொண்டது. அதன்படி 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியமும் உண்டு.

இரண்டாவது, 12 மாடிகளில் 48 வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககம். அதன் மொட்டை மாடி 500 சதுர மீட்டர் எனக் கொள்வோம். லிப்ட் அறை, தண்ணீர்த் தொட்டிகள், வெந்நீர் அமைப்புகள், கைப்பிடிச் சுவரின் நிழல், தீயணைப்புக்கான வழி ஆகியவை பாதியைக் கொண்டுவிடும். எஞ்சியது 25 கிலோவாட்டுக்குப் போதும். நாளொன்றுக்கு 100 யூனிட். வீட்டுக்கு 2 யூனிட். தனி வீட்டுக்காரருக்கு நாள்தோறும் 12 யூனிட், அடுக்ககத்தில் வாழ்பவருக்கு 2 யூனிட் என்பது சமமான பங்கீடன்று. வாடகைக்குக் குடியிருப்பவருக்கும், தகரக் கூரையின் கீழ் வாழும் தொழிலாளிக்கும் அந்த 2 யூனிட்டும் இல்லை.

அந்த 100 யூனிட்டையும் பெறுவது எளிதன்று. மொட்டை மாடி கூட்டுறவு வீட்டுச் சங்கத்துக்கு உரியதா, கட்டியவருக்கா, மேல்மாடியில் குடியிருப்பவருக்கா என்ற வழக்கு பல கட்டடங்களில் தீராமல் கிடக்கிறது. அப்பளம் உலர்த்துவோர் உண்டு. துணி காயப்போடுவோர் உண்டு. மாலையில் காற்று வாங்க வருவோரும் உண்டு. மேல்மாடிக்காரர் நீர்க்கசிவுக்கு அஞ்சுகிறார். கீழ்த்தளத்தவரோ தமக்கு என்ன பயன் என்று கேட்கிறார். எவருடைய கேள்வியும் அற்பமானதன்று.

இங்கே நடைமுறைக்கு உகந்த வழி ஒன்று உண்டு. மாடியில் விளையும் மின்சாரத்தை வீடு வீடாகப் பிரிக்க முயலாமல், லிப்ட், நீரேற்றும் பம்பு, மாடிப்படி விளக்கு, வண்டிகளுக்கான மின்னேற்றம் ஆகிய பொதுச் செலவுகளுக்கு முதலில் பயன்படுத்துவது அது. பயன் எல்லாருக்கும் பொதுவாகும். பராமரிப்புக் கட்டணம் குறையும். குடியிருப்போர் சங்கங்களின் பொது வசதிகளுக்கென மேற்கூறிய திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் ஒதுக்கப்பட்டுள்ளது. சூரிய சக்தி அமைப்பு உள்ளிட்ட சில வசதிகளைச் செய்துகொள்வோருக்குப் புனே மாநகராட்சி சொத்து வரியில் சலுகை வழங்குவதும் குறிப்பிடத்தக்கது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. மின்தகடு வைக்க இடம் வேண்டுமென்று வெந்நீர் அமைப்புகளை அகற்றுவது அறிவுடைமை ஆகாது. நாளொன்றுக்கு 100 லிட்டர் வெந்நீர் தரும் அமைப்பு சுமார் 2 சதுர மீட்டர் பரப்பையே கொள்கிறது. மின்தகடு தன் மீது விழும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே மின்சாரமாக மாற்றும். வெந்நீர் அமைப்போ பாதியளவு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. பகலில் காய்ந்த நீர் மறுநாள் காலை வரை சூடாக இருப்பதால், எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் ‘கீசர்’ போடும் காலைச் சுமை குறைகிறது. வெந்நீர்த் தொட்டியும் ஒரு சேமிப்புக் கலமே என்பதை மறக்கலாகாது.

தொழிற்சாலைக் கூரைகளும் வண்டி நிறுத்துமிடங்களும்

குடியிருப்புகளில் பற்றாக்குறை, ஆயின் அதே ஹடப்சரின் தொழிற்பேட்டையில் பரந்த கூரைகள் உள்ளன. ஒரு லட்சம் சதுர அடிக் கூரை ஏறக்குறைய ஒரு மெகாவாட்டுக்கு இடம் தரும். தரையில் அமைத்தால் 4 ஏக்கர் வேண்டிய இடத்தில், கூரை அவ்வேலையை நிலச் செலவின்றிச் செய்துவிடுகிறது. பழைய கல்நார்த் தகடுக் கூரைகள் மட்டும் இதற்குத் தகுதியற்றவை. அவை ஆள் நடமாட்டத்தையே தாங்கமாட்டா. தகடுகளும் சட்டங்களும் சேர்ந்து சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 கிலோ எடையைத் தரும். பருவக்காற்று மேல்நோக்கி இழுக்கும் விசையும் கணக்கில் வரவேண்டும். கட்டடப் பொறியாளரின் சான்று பெறாமல் எந்தக் கூரையிலும் கைவைக்கக் கூடாது.

கூரையைப் போலவே வண்டி நிறுத்துமிடங்களும் நாள் முழுவதும் வெயிலில் காய்கின்றன. 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திறந்தவெளி நிறுத்துமிடங்களில் பாதியைச் சூரியத் தகடுப் பந்தலால் மூடவேண்டும் என்று பிரான்சு 2023-இல் சட்டம் இயற்றியது. பந்தல் நிழலும் தரும், மின்சாரமும் தரும். தரை ஒன்று, பயன் இரண்டு. அடுக்ககங்களின் நிறுத்துமிடம் பொதுப் பகுதியே, கட்டியவர் அதைத் தனியே விற்க இயலாது என்று மகாராட்டிர வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்திருப்பதால், சங்கங்கள் இதில் துணிந்து முடிவெடுக்கலாம்.

கால்வாயையும் ஒரு பரப்பாகக் கருதுவோர் உண்டு. குஜராத்தின் மேசானா மாவட்டம் சந்திராசனில் நர்மதைக் கிளைக் கால்வாயின் மேல், 750 மீட்டர் நீளத்துக்கு, ஒரு மெகாவாட் தகடுகள் 2012-இல் அமைக்கப்பட்டன. நீர் ஆவியாவது குறையும். நீரின் குளிர்ச்சியால் தகடுகளின் திறனும் சற்று மிகும். ஆனால் தாங்குசட்டங்களின் செலவு அதிகம். தூர் வாருவதும் கடினம். ஹடப்சர் வழியே செல்லும் கால்வாய்க்கு இதை அப்படியே பொருத்த முடியாது. அக்கால்வாயின் நீரை நிலத்தடிச் சுரங்கத்தில் கொண்டுசென்று, கரைப் பகுதியைச் சாலைக்குப் பயன்படுத்தலாம் என்ற பேச்சும் உண்டு. எந்தப் பரப்புக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட உரிமையாளர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு இது இன்னொரு சான்று.

மாலைப் பொழுதுக்கு என்ன செய்வது?

கதிரவன் மறையும் நேரத்தில்தான் வீடுகளில் விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. நண்பகலில் மிகுதியாகும் மின்சாரத்தை மாலை 6 மணிக்கும் இரவு 10 மணிக்கும் இடைப்பட்ட நேரத்துக்கு எடுத்துவைத்தாலன்றி, சூரிய மின்சாரம் அரைப் பணியையே செய்ததாகும். புனேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் மூடியிருக்கும். ஜூலையில் கிடைக்கும் ஒளி கோடையின் உச்சத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். இந்தப் பருவக் குறையை எந்த மின்கலமும் நிரப்பாது. அதற்குக் காற்றாலையும் நீர்மின்சாரமும் துணைவர வேண்டும். நாள்தோறும் நேரும் மாலைக் குறையை மட்டுமே மின்கலம் நிரப்பும்.

சேமிப்பு என்பது புதிய கருத்தன்று. தமிழ்நாட்டின் காடம்பாறையில் 1980-களின் இறுதியிலிருந்து 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் இயங்கிவருகிறது. மின்சாரம் மிகும்போது நீரை மேலணைக்கு ஏற்றி, தேவை மிகும்போது கீழே விட்டு மின்சாரம் பெறும் முறை அது. மகாராட்டிரத்தின் காட்கர் நிலையமும் 250 மெகாவாட் திறனுடன் அவ்வாறே பணிபுரிகிறது. ஆனால் நீரேற்று நிலையத்துக்கு மலையும் இரண்டு நீர்த்தேக்கங்களும் வேண்டும். மின்கலமோ நகரத்தின் நடுவிலேயே அமரக்கூடியது.

அது கொள்ளும் இடம் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. 20 அடி நீளமுள்ள ஒரு சரக்குப் பெட்டகத்தில் ஏறக்குறைய 5 மெகாவாட் மணி மின்சாரத்தைச் சேமிக்கும் அமைப்புகள் இன்று கிடைக்கின்றன. 20 மெகாவாட் சூரிய நிலையத்துக்கு 80 ஏக்கர் வேண்டும். அதே 20 மெகாவாட்டை மாலையில் இரண்டு மணி நேரம் தரும் மின்கல நிலையத்துக்கு, மின்மாற்றிகளும் இடைவெளிகளும் உட்பட, ஓர் ஏக்கரை ஒட்டிய இடம் போதும்.

தில்லி இதைச் செய்து காட்டியுள்ளது. அங்கு ரோகிணியில் ஒரு துணை மின்நிலையத்தில் 10 மெகாவாட் மின்கல அமைப்பு 2019-இல் நிறுவப்பட்டது. தெற்கு தில்லியின் கிலோக்கரியில் 33/11 கிலோவோல்ட் துணை மின்நிலையத்தில் 20 மெகாவாட், 40 மெகாவாட் மணி அமைப்பு 2025-இல் இயங்கத் தொடங்கியது. இவற்றுக்காகப் புதிய நிலம் தேடி எவரும் அலையவில்லை. துணை மின்நிலையத்தின் மதிலுக்குள் முன்பே இருந்த இடம் பயன்பட்டது. கம்பியும் அங்கே, காவலும் அங்கே, பயிற்சி பெற்ற பணியாளரும் அங்கே. ஹடப்சர் போன்ற பகுதிகளுக்கு இதைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை.

ஆயினும் இடத்தை மிகவும் நெருக்கிச் சிக்கனம் பிடிப்பது கேடு தரும். கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் பழைய அனல் மின்நிலையத்தின் சுழலிக் கூடத்துக்குள் மின்கலங்கள் அடுக்கப்பட்டிருந்தன. 2025 ஜனவரியில் அங்குத் தீ மூண்டது. ஒரே கூரையின் கீழ் நெருங்கி அமைந்திருந்த அடுக்குகளில் பெரும்பகுதி எரிந்து போயிற்று. சுற்றுப்புற மக்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வெளியேற நேர்ந்தது. லித்தியம் மின்கலம் ஒன்று சூடேறி எரியத் தொடங்கினால் அடுத்ததையும் பற்றவைக்கும். திறந்தவெளியில், பெட்டகத்துக்குப் பெட்டகம் இடைவெளி விட்டு அமைப்பதும், வெப்பத்தை நன்கு தாங்கும் இரும்பு பாஸ்பேட் வகையைத் தேர்வதும், தீயணைப்புத் துறையினருக்கு முன்பயிற்சி அளிப்பதும் இன்றியமையாதவை. வெற்றாகத் தெரியும் அந்த இடைவெளியும் நிலையத்தின் ஓர் உறுப்பே. ‘வீணாகக் கிடக்கிறதே’ என்று அதில் கிடங்கு கட்டலாகாது. அடுக்ககத்தின் அடித்தளத்திலோ படிக்கட்டின் கீழோ பெரிய மின்கல அடுக்குகளை வைக்கும் எண்ணத்தையும் கைவிட வேண்டும்.

மின்கலம் இல்லாமலே செய்யக்கூடியதும் உண்டு. அடுக்ககங்களில் கீழ்த்தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்கு நீரேற்றும் பம்புகள் பெரும்பாலும் காலையிலும் மாலையிலும் ஓடுகின்றன. அவற்றை நண்பகலுக்கு மாற்றினால், மேல்தொட்டியே ஒரு சிறு காடம்பாறை ஆகிவிடுகிறது. வெயில் நேரத்து மின்சாரத்துக்குக் குறைந்த கட்டணமும் உச்ச நேரத்துக்குக் கூடுதல் கட்டணமும் விதிக்கவேண்டும் என்று மைய அரசு 2023-இல் திருத்திய விதிகள் கூறுகின்றன. இவ்விலைக் குறிப்பை மக்கள் புரிந்துகொண்டு வேலை நேரத்தை மாற்றினால், சேமிப்பின் தேவை அந்த அளவுக்குக் குறையும்.

புனே முன்பு காட்டிய ஒற்றுமை

சுமையைப் பகிர்ந்துகொள்வது புனே நகருக்குப் புதிதன்று. மகாராட்டிரம் கடும் மின்வெட்டில் தவித்த 2006-ஆம் ஆண்டில், இந்தியத் தொழில் கூட்டமைப்பின் முன்முயற்சியில் ஓர் ஏற்பாடு உருவாயிற்று. சொந்த மின்னாக்கிகள் வைத்திருந்த தொழிற்சாலைகள் தட்டுப்பாட்டு நேரத்தில் அவற்றை இயக்கி, தங்கள் பங்கு மின்சாரத்தை நகருக்கு விட்டுக்கொடுத்தன. அதனால் ஏற்பட்ட கூடுதல் செலவை நுகர்வோர் ஒரு சிறு கட்டணமாக ஏற்றுக்கொண்டனர். மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அதற்கு ஒப்புதல் அளித்தது. நாடெங்கும் ‘புனே முறை’ என்று அது பேசப்பட்டது.

அன்று பகிரப்பட்டது டீசல் மின்சாரம். புகையும் உடன் வந்தது. ஆயின் அதன் உள்ளீடு இன்றும் பொருந்தும். இடம் உடையவர் தொழிற்சாலையினர். தேவை உடையவர் அடுக்ககத்தினர். கம்பி உடையது மின் வழங்கல் நிறுவனம். மூவரையும் ஓர் ஒழுங்குமுறை இணைத்தால், தொழிற்பேட்டைக் கூரையில் விளையும் மின்சாரத்தில் வாடகைக்குக் குடியிருப்பவரும் பங்கு பெறலாம். ஓரிடத்தில் விளையும் மின்சாரத்தைப் பல வீடுகளின் கணக்கில் கழித்துக்கொள்ளும் முறைக்குத் தில்லி ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் நெறிமுறைகள் வகுத்தது. மாடி இல்லாதவருக்கும் சூரியனில் பங்கு உண்டு என்பதை ஏற்கும் முறை அது.

நகரத்தின் விளிம்பில் வாழ்வோர்

ஹடப்சருக்கு அப்பால் உருளி தேவாச்சி, ஃபுர்சுங்கி என்ற ஊர்கள் உள்ளன. புனே நகரின் குப்பை பல ஆண்டுகள் அங்கேதான் கொட்டப்பட்டது. நிலத்தடி நீர் கெட்டது, நாற்றம் பரவியது, ஊர் மக்கள் மீண்டும் மீண்டும் போராடினர். நகரம் ‘இடம்’ என்று எதைக் குறிப்பிடுகிறது என்பதற்கு அவ்வூர்கள் கசப்பான சாட்சி. இடம் கண்டோம் என்று நகரம் மகிழ்ந்தபோது, இடம் இழந்தோம் என்று வருந்தியவர்கள் அவர்கள்.

மூடப்பட்ட குப்பை மேடுகளின் மேல் சூரியத் தகடுகள் அமைப்பது வெளிநாடுகளில் வழக்கமாகிவருகிறது. மேட்டைத் துளைக்காமல், எடைக்கற்களின் மேல் சட்டங்கள் நிறுத்தப்படுகின்றன. இந்த ஊர்களிலும் அத்தகைய எண்ணம் எழுமாயின், மின்சாரத்தின் முதற்பயன் யாருக்கு என்ற கேள்விக்கு விடையளித்த பின்பே பணி தொடங்க வேண்டும். குப்பையை ஏற்றவர்களின் தெருவில் முதல் விளக்கு எரிவதே நியாயம்.

உழுநிலத்தைப் பொறுத்தவரையும் இதுவே அளவுகோல். மகாராட்டிரத்தின் முதலமைச்சர் சூரிய வேளாண் மின்பாதைத் திட்டம் 2017-இல் தொடங்கி, 2023-இல் விரிவாக்கப்பட்டது. துணை மின்நிலையங்களுக்கு அருகிலுள்ள அரசு நிலத்திலும் தனியார் நிலத்திலும் சூரிய நிலையங்கள் அமைத்து, உழவர்களுக்குப் பகலிலேயே பாசன மின்சாரம் தருவது அதன் நோக்கம். நிலம் தருவோருக்கு எக்டேருக்கு ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் குத்தகையும், ஆண்டுதோறும் 3 விழுக்காடு உயர்வும் உறுதி செய்யப்பட்டுள்ளன. உரிமை உழவரிடமே நிற்கிறது. மகர்பட்டா உழவர்களின் வழியோடு இது பெரிதும் ஒத்திருக்கிறது.

ஆனால் பாவகடா மற்றொன்றையும் உணர்த்துகிறது. அங்கும் நிலம் குத்தகைக்கே பெறப்பட்டது. நில உடைமையாளருக்கு நிலையான வருவாய் வந்தது. அந்நிலத்தில் களையெடுத்தும் அறுவடை செய்தும் வாழ்ந்த நிலமற்ற கூலிகளுக்கும், ஆடு மேய்த்தவர்களுக்கும் குத்தகைப் பத்திரத்தில் இடமில்லை. பத்திரம் இல்லாதவருக்கும் நிலத்தோடு உறவு உண்டு. இடம் தேடும் திட்டம் எதுவும் அவ்வுறவைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் தெளிவாகின்றன.

முதலாவதாக, மாநகராட்சிகள் தங்கள் வட்டங்களில் கூரை, நிறுத்துமிடம், துணை மின்நிலைய வளாகம் ஆகியவற்றின் பரப்பைக் கணக்கெடுத்து, மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும். எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் இல்லை என்று சொல்வது பொருந்தாது.

இரண்டாவதாக, புதிய கட்டடங்களின் வரைபடத்திலேயே சூரியப் பரப்புக்கு இடம் குறிக்கவேண்டும். தண்ணீர்த் தொட்டியும் லிப்ட் அறையும் வடக்குப் புறம் அமைந்தால் அவற்றின் நிழல் தகடுகளின் மேல் விழாது. 2003-இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. கூரையின் மீது பொது நன்மைக்கென ஒரு கடமையை விதிக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று. டோக்கியோவிலும் பெரிய கட்டுமான நிறுவனங்கள் கட்டும் புதிய வீடுகளில் சூரியத் தகடு வைப்பது 2025 ஏப்ரல் முதல் கட்டாயமாகியுள்ளது.

மூன்றாவதாக, மின்கல நிலையங்களுக்குத் துணை மின்நிலைய வளாகங்களையே முதலில் தேரவேண்டும். பாதுகாப்பு இடைவெளியை நிலையத்தின் பகுதியாகவே ஒதுக்கவேண்டும்.

நான்காவதாக, கூரை இல்லாதவருக்கும் பங்கு தரும் முறையை ஒழுங்குமுறை ஆணையங்கள் எளிமையாக்கவேண்டும். சிறு பங்குத் தொகை செலுத்திச் சேரும் கூட்டுறவு அமைப்பு இதற்கு ஏற்றது. சர்க்கரை ஆலைகளையும் பால் பண்ணைகளையும் கூட்டுறவாக நடத்திக் காட்டிய மகாராட்டிரத்துக்கு இது எட்டாத செயலன்று.

ஐந்தாவதாக, விளிம்பு ஊர்களின் நிலத்தைக் கேட்கும் முன், நகரம் தன் கூரையில் எவ்வளவு விளைவித்தது என்று காட்டவேண்டும்.

முடிவுரை

2022-க்குள் கூரைகளின் மேல் மட்டும் 40 ஜிகாவாட் அமைப்பதென நாடு முன்பு இலக்கு வகுத்திருந்தது. அவ்வாண்டு முடிவில் அதில் பாதியளவைக்கூட எட்ட முடியவில்லை. வெயில் குறைந்துவிடவில்லை. கூரையின் கீழ் வாழ்பவர்களிடையே உடன்பாடு காணும் பணி போதிய கவனம் பெறவில்லை என்பதே உண்மை.

ஹடப்சரின் உழவர்கள், தங்கள் வயல் நகரமாவதைத் தடுக்க இயலாது என்று உணர்ந்தபோது, அந்த மாற்றத்தில் தங்களுக்கு உரிய பங்கை உறுதி செய்துகொண்டார்கள். இன்று அதே ஊரின் அடுக்ககங்களில் வாழ்வோர் முன்னே அதே வாய்ப்பு, வேறு வடிவில் நிற்கிறது. ஒரு சங்கக் கூட்டத்தில் அமர்ந்து, மொட்டை மாடியில் அப்பளத்துக்கு எவ்வளவு, காற்று வாங்க எவ்வளவு, கதிரவனுக்கு எவ்வளவு என்று பேசி முடிவு செய்ய வேண்டியதே அடுத்த பணி. அந்தக் கூட்டம் நடக்கும் ஒவ்வொரு கட்டடத்திலும் இடம் பிறக்கும்.